ஹால் ஃபேன் நிற்கக் கூடாது

"இனிமே இந்த வீட்டுல கரண்ட் போகாது" என்று எங்கப்பா அறிவித்தார். அன்றைக்கே போனது.

அது ஏப்ரல் மாதம். மொட்டைமாடியில் சோலார் பலகைகள் மாட்டி நாலே நாள். பகல் பன்னிரண்டு மணி, வெயில் மண்டையைப் பிளக்கிறது. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெரு முழுக்க கரண்ட் இல்லை. எங்கள் வீட்டிலும் இல்லை. அப்பா மாடிக்கு ஓடினார். பலகையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"சூரியன் இருக்கே!" என்று கத்தினார். பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நஃபீசா ஆன்ட்டி, "ஆமா சார், காலையிலேர்ந்தே இருக்கு" என்றார்.

சோலார் மாட்டிய சிவகுமாருக்கு போன் பறந்தது.

"தெரு லைன் செத்தா சோலாரும் தானா நின்னுடும் சார். அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

"என் மாடி, என் வெயில், என் கரண்ட். அது எதுக்குய்யா நிக்கணும்?"

"நிக்கலைன்னா உங்க கரண்ட் மீட்டர் வழியா வெளிய போய் தெருக்கம்பியில ஏறிடும் சார். லைன்மேன் கம்பியில கரண்ட் இல்லைன்னு நம்பிக் கம்பத்துல ஏறியிருப்பார். கையை வெச்சார்னா ஆள் காலி."

"நம்ம தெருவுல கம்பத்துக்கு ஆள் வர மூணு மணி நேரம் ஆகும். அதுவரைக்குமாவது ஓடக் கூடாதா?"

சிவகுமார் போனை வைத்துவிட்டார். நானாக இருந்தாலும் வைத்திருப்பேன்.

நான் சின்மயி. பிளஸ் டூ முடித்தாகிவிட்டது. அடுத்து என்ன என்று கேட்காதீர்கள், கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அப்பா பெயர் ஷ்யாம்சுந்தர், தாம்பரத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் சூப்பரிண்டெண்ட். எதையும் இரண்டு வீடியோ பார்த்துவிட்டுச் செய்துவிடலாம் என்று நம்புகிறவர். எங்கள் வீட்டுக் குழாய் இடது பக்கம் திருப்பினால் மூடும். அதை மாட்டியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா பெயர் சுப்ரஜா. எலெக்ட்ரிகல் டிப்ளமோ. கல்யாணத்துக்கு முன்னாடி படித்தது. கல்யாணப் பத்திரிகையில் அம்மா பெயருக்குப் பின்னால் அச்சடித்திருக்கிறது. அப்பா அதற்கப்புறம் அந்தப் பத்திரிகையைப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

மே முதல் வாரம் அம்மாவுக்கு ஒரு ஆர்டர் வந்தது. பொத்தேரியில் ஒரு காலேஜ், எலெக்ட்ரிகல் லேபில் உதவியாளர் வேலை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று சொல்ல வேண்டும். அம்மா ரசத்தை இறக்கி வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"வேலைக்கா?" என்றார் அப்பா. "வீட்டை யார் பார்த்துப்பா?"

"வீடு எங்கயும் ஓடிடாதுங்க."

"பொத்தேரி என்ன பக்கத்துலயா இருக்கு?"

"தாம்பரத்துல ட்ரெயின் ஏறினா இருபது நிமிஷம். நீங்க பேப்பர் படிக்கற நேரம்."

"சரி, லேப்னா கரண்ட் வேலை. கரண்ட்டைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அம்மா அப்பாவை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எனக்கு என்ன தெரியும்? எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். கரண்ட்டே போகாதுன்னு சொன்னீங்களே, அதுல ஒரு பந்தயம் வெச்சுக்கலாமா?"

பந்தயம் என்ற வார்த்தை காதில் விழுந்தால் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

"அந்த வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் இந்த ஹால் ஃபேன் நிக்கக் கூடாது. நின்னா நான் வேலைக்குப் போறேன். நிக்கலைன்னா ஆர்டரைக் கிழிச்சுப் போட்டுட்டு வாயைத் திறக்காம இருக்கேன்."

"பேட்டரிக்குச் சொல்லியிருக்கேன். கரண்ட் போனா அதுக்கு ஸ்விட்ச் மாத்த எனக்கு டைம் வேணாமா?"

"இறக்கை முழுசா நிக்கற வரைக்கும் உங்க டைம்."

"நீ போய் ஸ்விட்சை அணைச்சுட்டு ஜெயிச்சேன்னு சொல்லக் கூடாது. போர்டு பக்கமே வரக் கூடாது. மெயின், ஸ்விட்ச், எல்லாம் என் டிபார்ட்மென்ட்."

"வரவே மாட்டேன்."

நடுவர் நான். அன்றைக்கே ஃபேனை அஞ்சாம் நம்பரில் ஓடவிட்டு, அணைத்து, நேரம் பார்த்தேன். அணைத்ததிலிருந்து இறக்கை முழுசாக நிற்க ஐம்பத்திரண்டு செகண்ட். அப்பாவுக்குப் பரம சந்தோஷம். "ஐம்பத்திரண்டு செகண்ட்ல நான் தாம்பரமே போய்ட்டு வந்துடுவேன்" என்றார்.

அடுத்த வாரம் பேட்டரி வந்தது. குட்டி பீரோ சைஸ். தெருவில் கரண்ட் போனால் இனி பேட்டரி வீட்டை ஓட்டும். ஆனால் அதற்கு முன்னால் வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து பிரித்தாக வேண்டும். அதைத் தானாகச் செய்ய ஒரு பெட்டி இருக்கிறது, வர ஒரு மாதம் ஆகும் என்றார் சிவகுமார். ஒரு மாதத்தில் பந்தயமே முடிந்துவிடும். அப்பா பக்கத்து வீட்டு ஹாஜா மைதீன் அங்கிளிடம் போனார். அவருக்கு கேம்ப் ரோட்டில் எலெக்ட்ரிகல் கடை.

"பாய், கையால போடற மாதிரி ஒரு ஸ்விட்ச் குடுங்க. பேட்டரியை நானே வீட்டோட சேர்த்துடறேன்."

"வேணாம் சார். அந்தப் பெட்டி வரட்டும்."

"என்ன பாய் பயப்படறீங்க? முதல்ல மெயினை இறக்குவேன். வீடு தெருவிலேர்ந்து பிரிஞ்சிடும். அப்புறம் பேட்டரியை ஏத்துவேன். ரெண்டே வேலை."

"ரெண்டுல ஒண்ணை மறந்தீங்கன்னா?"

"எழுதி ஒட்டிடுவேன்."

ஸ்விட்சை வாங்கி வந்து மாட்டி, எழுதித்தான் ஒட்டினார். மேலே பிள்ளையார் சுழி. கீழே ஆபீஸ் சர்க்குலர் எழுதுகிற அழகான கையெழுத்தில்: 1. மெயின் ஆஃப். 2. பேட்டரி ஆன். போர்டின் மேல் பளிச்சென்று இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். புது ஸ்விட்ச் ஆயிற்றே, கடைசி வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து அதற்குப் பூஜை போட்டார். சந்தனம், குங்குமம், ஊதுபத்தி, போர்டுக்குக் குறுக்கே ஒரு முழம் மல்லிகைப்பூ.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த மூன்று வாரமும் கரண்ட் போகவே இல்லை. "பார்த்தியா? என் பேட்டரியைப் பார்த்து பயந்துட்டாங்க" என்று அப்பா சொல்லிக்கொண்டார். இருந்தாலும் கடைசி நாள் லீவு போட்டுவிட்டு ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஃபேன் ஓடியது. அம்மா சமைத்தாள். ஆர்டர் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது.

இரண்டரை மணிக்கு வானம் கறுத்தது. காற்று கிளம்பியது. தெரு வேப்பமரத்தில் ஒரு கிளை முறிந்து கம்பி மேல் விழுந்தது. டப்பென்று ஒரு சத்தம்.

ஃபேன் வேகம் குறைந்தது.

அப்பா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடைவழியில் ஓடினார். "முருகா!" என்று ஒரு குரல், ஸ்விட்ச் விழுகிற சத்தம், அவ்வளவுதான். ஃபேன் மறுபடி சுற்றியது.

"இருபத்திரண்டு செகண்ட்" என்றேன்.

அப்பா கையை உயர்த்திக்கொண்டு ஹாலுக்கு வந்தார். அம்மா பக்கெட்டை எடுத்தாள். "மழை வருது. வாசல்ல துணி காயுது" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அதற்கப்புறம் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. எல்லா லைட்டையும் போட்டார். டிவியைப் போட்டார். ஏசியைப் போட்டு ஜன்னலைத் திறந்துவைத்தார், தெரு பார்க்க வேண்டுமாம். வாசலில் நின்று போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டார்.

"கரண்ட் இல்லையா? அடடா! வாங்க வாங்க, போன் சார்ஜ் போட்டுக்கோங்க. நம்ம வீட்டுல கரண்ட் போறதே இல்லை."

பதினேழு போன்கள் சார்ஜில் ஏறின. ஒருவர் அயர்ன் பாக்ஸோடு வந்தார். அப்பா அதையும் அனுமதித்தார்.

மழை அரைமணியில் ஓய்ந்தது. அதிசயமாக நாலு மணிக்கே லைன்மேன் வெற்றிவேல் வந்துவிட்டார். எங்கள் வாசலில் இருக்கிற கம்பத்தில்தான் கம்பி அறுந்திருந்தது. அதில் தெரு மொத்தத்துக்கும் கரண்ட் போயிருந்தாலும், அறுந்த துண்டில் இருந்தது எங்கள் வீடும் ஹாஜா அங்கிள் வீடும் மட்டும்தான். வெற்றிவேல் ஏணியைச் சாய்த்து ஏறினார். ஜும்மா முடிந்து சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிட்டு ஹாஜா அங்கிள் எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

"சார், மெயினை இறக்கிட்டீங்கல்ல?"

"அதெல்லாம் சீட்டு எழுதி ஒட்டியிருக்கேன் பாய்."

"சீட்டு இருக்கட்டும். மெயினை இறக்கினீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் போர்டுக்கு ஓடினேன். மல்லிகைப்பூவுக்குக் கீழே '2. பேட்டரி ஆன்' மட்டும் தெரிந்தது. பூவைத் தூக்கினேன். '1. மெயின் ஆஃப்'. மெயின் ஸ்விட்ச் மேலேயே நின்றுகொண்டிருந்தது, நெற்றியில் குங்குமத்தோடு.

"அப்பா! மெயின் இறங்கவே இல்லை!"

நான் அதை இறக்குவதற்குள் அப்பா வாசலில் இருந்தார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. கடைசியில் வந்தது, தெருக்கோடி வரைக்கும்.

"வெற்றிவேல்! தொடாதே! கம்பியைத் தொடாதே!"

வெற்றிவேல் மேலே இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். வாயில் பாக்கு.

"இன்னா சார்?"

"உனக்கு... உனக்கு ஒண்ணும் ஆகலையா?"

"இன்னா ஆவணும் சார்?"

அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். முந்தானையிலிருந்து வெள்ளையாக ஒரு பீங்கான் கட்டையை எடுத்துக் காட்டினாள். வாசலில் மீட்டர் பெட்டியில் இருக்கிற ஃபியூஸ் கட்டை. அது இல்லாவிட்டால் தெருவுக்கும் வீட்டுக்கும் தொடர்பே கிடையாது.

"நீங்க ஓடின சத்தம் கேட்டுது. 'முருகா' கேட்டுது. ஒரு ஸ்விட்ச் விழுந்த சத்தம் கேட்டுது. ரெண்டாவது ஸ்விட்ச் சத்தம் கேக்கவே இல்லை" என்றாள் அம்மா மெதுவாக, எங்கள் இரண்டு பேர் காதில் மட்டும் விழும்படி. "அதான் துணி எடுக்கப் போனப்போ, காஞ்ச டவலைச் சுத்தி இதைப் பிடுங்கிட்டேன்."

"மெயினை நீயே இறக்கியிருக்கலாமே!"

"அது உங்க டிபார்ட்மென்ட். நான் போர்டு பக்கம் வரக் கூடாதே."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையிலேயே. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கூட, சரி, பந்தயம் முடிந்தது, மனிதர் இப்போது பெருந்தன்மையாக அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன்.

பத்து நிமிஷம் கழித்து அப்பா என் காதோடு கேட்டார்: "ஃபேன் ஓடிட்டுத்தானே இருக்கு?"

நாலரைக்கு வெற்றிவேல் வேலையை முடித்தார். தெருவில் எல்லா வீட்டிலும் கரண்ட் வந்தது. பதினேழு போன்காரர்களும் எங்கள் வீட்டை மறந்துவிட்டார்கள். எங்கள் வீடு மட்டும் இன்னும் பேட்டரியில். அப்பா பேட்டரியைப் பார்த்தார். ஆறு சதவீதம். அயர்ன் பாக்ஸ் வேலை.

"அஞ்சு மணி வரைக்கும் தாங்காது" என்றேன். "தெருக் கரண்ட்டுக்கு மாறிடணும். கட்டையை மறுபடி சொருகணும்."

வெற்றிவேலைக் கூப்பிட்டோம்.

"பேட்டரியை நிறுத்து சார். சொருகித் தரேன்."

"அதான் மெயினை இறக்கியாச்சே. பேட்டரி ஓடட்டுமே."

"உன் மெயினை நான் நம்பமாட்டேன் சார். உள்ள ஒரு கரண்ட், வெளிய ஒரு கரண்ட். ரெண்டும் நேருக்கு நேர் மோதிகினா டமால்னு பூடும். பேட்டரி நின்னாத்தான் நான் கைய வெப்பேன். வேணாம்னா சொல்லு, செம்பாக்கத்துல இன்னொரு கம்பி அறுந்து கீது."

அப்பா யோசித்தார். நின்றால் ஐம்பத்திரண்டு செகண்ட். அதற்குள் வெற்றிவேல் சொருகிவிட்டால் மெயினை ஏற்றிவிடலாம். காகிதம் எடுத்தார். டெஸ்டர் வைத்துப் பார்க்க அஞ்சு, சொருக அஞ்சு, சேதி வர அஞ்சு, மெயின் ஏற்ற ஒன்று.

"பதினாறு செகண்ட். ஜுஜுபி!" என்றார்.

தண்டி யாத்திரை மாதிரி ஏற்பாடு நடந்தது. போர்டில் அப்பா. நடைவழியில் ஹாஜா அங்கிள். ஃபேனுக்குக் கீழே நான், போனில் ஸ்டாப்வாட்சோடு. வாசலில் மீட்டர் பெட்டி முன்னால் வெற்றிவேல், பக்கத்தில் அம்மா. கட்டை அம்மா கையில்.

"அதை இப்பவே அவர்கிட்ட குடுத்துடு!" என்று உள்ளேயிருந்து கத்தினார் அப்பா.

"பேட்டரி நிக்கட்டும், தரேன். சேஃப்டி!"

"ரெடியா? ஒண்ணு, ரெண்டு, ஆஃப்!"

லைட் அணைந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆஃப்!" என்றார் ஹாஜா அங்கிள்.

அஞ்சு செகண்ட். வெற்றிவேல் டெஸ்டர் வைத்தார். "சரிம்மா, குடு." அம்மா கொடுத்தாள். பத்து செகண்ட். வெற்றிவேல் கட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா இது? ஃபியூஸ் கம்பி போட்ற எடத்துல ஆணி மாதிரி ஒரு கம்பி போட்டுகீது?"

போன வருஷம் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அப்பாதான் தடியாக ஒரு கம்பியை முறுக்கி வைத்திருந்தார். ஒரு வீடியோ.

"அப்படியே சொருகச் சொல்லுங்க பாய்!"

"அப்படியே சொருகணுமாம்பா!"

"சொருகமாட்டேன் பாய். வூட்டுல ஏதாவது ஆச்சுன்னா இந்தக் கம்பி உருகாது, வூடுதான் உருகும். கம்பி மாத்தித்தான் போடுவேன்."

இருபது செகண்ட். வெற்றிவேல் பையைத் திறந்தார். குறட்டைத் தேடினார். கம்பிச்சுருளைத் தேடினார். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பழைய கம்பியைப் பிரித்தார்.

"என்ன பாய் பண்றார்?"

"பாடறார் சார்."

முப்பத்தஞ்சு. இறக்கைகள் தனித்தனியாகத் தெரிந்தன. "சீக்கிரம்ப்பா!" என்று அப்பா கெஞ்சினார். "கரண்ட் வேலைல அவசரம் ஆவாது சார்" என்று வாசலிலிருந்து பதில் வந்தது. நாற்பத்தஞ்சு. ஒவ்வொரு இறக்கையிலும் எவ்வளவு தூசி என்று தெரிந்தது. ஐம்பது. என் தலைக்கு நேரே வந்த இறக்கை போவதா வேண்டாமா என்று யோசித்தது.

ஐம்பத்திரண்டு.

"நின்னாச்சு!" என்றேன். மணி நாலு நாற்பத்தேழு.

இரண்டு மணி நேரம் அந்தக் கட்டை அம்மா முந்தானையில் இருந்தது. உள்ளே என்ன கம்பி என்று அவள் பார்க்காமலா இருந்திருப்பாள்? நான் கேட்கவில்லை.

வெற்றிவேல் நிதானமாகப் புதுக் கம்பி போட்டுச் சொருகினார். ஃபேன் ஓடியது. அப்பா போர்டிலிருந்து புயல் மாதிரி வந்து, அம்மாவையும் என்னையும் சமையலறைக்குள் தள்ளிக் குரலைத் தாழ்த்தினார்.

"செல்லாது! கட்டையைப் பிடுங்கினது நீ. அதனாலதான் ஃபேன் நின்னுது. ஆட்டத்துல இருக்கறவளே கையை வெச்சா அது பந்தயமே இல்லை. நடுவர் சொல்லட்டும்!"

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் நேர்மை என்று ஒன்று இருக்கிறதே. "அம்மா, அவர் சொல்றது பாயின்ட்தான்" என்றேன்.  முதல் தடவையாக அம்மா முகம் வாடியது. ஃபிரிட்ஜ் மேல் இருந்த ஆர்டரைப் பார்த்தாள். பிறகு வெற்றிவேலுக்கு மோர் எடுத்து வந்தாள்.

போன்களை எடுத்துப்போகத் தெருவே ஹாலுக்குள் வந்திருந்தது. வெற்றிவேல் மோரைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். கரண்ட் போனதும் அந்தக் கட்டையைப் புடுங்கி வெச்சது யாரு?"



"ஏன்ப்பா?" என்றார் அப்பா.

"முன்னாடியெல்லாம் ஒரு எடத்துல ஆஃப் பண்ணா கீழ மொத்தமும் செத்துடும் சார். தைரியமா ஏறுவோம். இப்ப வூட்டுக்கு வூடு சோலார், பேட்டரி. எந்த மாடிலேர்ந்து எப்போ கரண்ட் ரிட்டன் வரும்னு தெரியாம பயந்துகினேதான் கம்பத்துல ஏறுறேன். இத்தினி வருசத்துல எனக்குன்னு நெனச்சு ஒர்த்தர் கூட கட்டையைப் புடுங்கி வெச்சதில்ல. யாருன்னு சொல்லு சார், அவங்க கையப் புடிச்சு ஒரு கும்பிடு போட்டுக்கறேன்."

தெருவே அப்பாவைப் பார்த்தது. ஹாஜா அங்கிள்கூடக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். வேண்டாம்ப்பா என்று நான் மனசுக்குள் சொன்னேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"அது... நான்தான்ப்பா. மனுஷ உயிர் முக்கியம் இல்லையா?"

எல்லோரும் கை தட்டினார்கள். வெற்றிவேல் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அம்மாவும் தட்டினாள், எல்லோரையும்விடப் பலமாக. அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிடுங்கினது அப்பா என்றால் பந்தயம் செல்லும் என்று நடுவர் தலையை ஆட்டினேன். மணி நாலு ஐம்பத்தாறு. அம்மா போனை எடுத்தாள்.

"மேடம், சுப்ரஜா பேசறேன். திங்கட்கிழமை வந்துடறேன்... ஆமா மேடம், வீட்டுல முழு சம்மதம். எங்க வீட்டுக்காரரே தன் கையால கட்டையைப் பிடுங்கிக் குடுத்துட்டார். தெருவே சாட்சி."